'ஒரிஜினல்தான் சார்' என்று போட்டுக் கொடுத்த விண்டோஸ்

மகளின் லேப்டாப் ஆமை வேகத்தில் ஓடுகிறதே என்று போன ஆனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு கடையில் கொடுத்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு வாங்கினேன். விண்டோஸும் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்கள். "ஒரிஜினல்தானே தம்பி?" என்றேன். செட்டிங்ஸைத் திறந்து 'ஆக்டிவேட்டட்' என்று இருப்பதைக் காட்டினான். "புரோ வெர்ஷன் சார். முன்னாடி இருந்தது வெறும் ஹோம்." கேட்காமலேயே பதவி உயர்வு கொடுத்திருக்கிறானே என்று சந்தோஷமாகத்தான் வந்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள், உரிமம் விரைவில் காலாவதியாகும் என்று திரையில் வந்து நின்றது. காசு கொடுத்த விண்டோஸுக்கு ஏது காலாவதி? கமாண்ட் பிராம்ப்டில், உரிம விவரத்தைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் டிஎல்ஐ கட்டளையை அடித்தேன். வந்த சின்னப் பெட்டியில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையண்ட் சேனல்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே மிச்சம் 12,960 நிமிடம். ஒன்பதே நாள்!

கேஎம்எஸ் என்பது பெரிய அலுவலகங்களுக்கான ஏற்பாடு. அவர்களுடைய நெட்வொர்க்கிலேயே ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அது ஆக்டிவேட் செய்யவே ஆரம்பிக்கும். கொடுப்பதும் 180 நாளுக்குத்தான், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். தம்பி ஏதோ போலி சர்வர் மென்பொருளை ஓட்டி ஏமாற்றியிருக்கிறான். விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் விலக்குப் பட்டியலில், நான் சேர்க்காத ஒரு ஃபோல்டர் இருந்ததைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது. அந்த லேப்டாப்பில்தான் பேங்க் வேலையெல்லாம் பார்க்கிறோம்.

இதில் கொடுமை என்னவென்றால், நல்ல உரிமம் எங்களிடம் முதலிலிருந்தே இருந்தது. லேப்டாப்போடு வந்த ஹோம் சிங்கிள் லேங்வேஜ் எடிஷனின் கீ, அதாவது உரிம எண், மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரில் பதிந்திருக்கிறது. டிஸ்க்கை மாற்றினால் அது போகாது. ஆனால் அது ஹோமுக்கான கீ, புரோவை எழுப்பாது. கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். எந்த எடிஷன் என்றுகூடக் கேட்கவில்லை, அதுவே ஹோமைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. வைஃபை இணைத்த கொஞ்ச நேரத்தில் ஆக்டிவேட் ஆகிவிட்டது. இந்த முறை அதே கட்டளையில், காலாவதியைச் சொல்லும் ஸ்லாஷ் எக்ஸ்பிஆர் போட்டுப் பார்த்தேன்: நிரந்தரம் என்றது.

*

இன்னொருவரின் அனுபவம்: எனக்குப் பிரச்சினை டிஸ்க் இல்லை, லேப்டாப்பின் மதர்போர்டே போய்விட்டது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் ஓரத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலான எழுத்து, உள்ளே சி004எஃப்211 என்ற பிழை. வன்பொருள் மாறிவிட்டதாம். பழைய போர்டோடு கீயும் போய்விட்டது, அவ்வளவுதான். விண்டோஸிலேயே இருக்கும் பிழைதீர்க்கும் டிரபிள்ஷூட்டரில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற வழி உண்டு. ஆனால் உரிமத்தை முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும், நான் இணைக்கவில்லை. திரும்ப சர்வீஸ் சென்டருக்கே தூக்கிப்போய், புது போர்டில் கீயை எழுதித் தரச் சொன்னேன். முதலில் "அது சாஃப்ட்வேர் பிரச்சினை சார்" என்றார்கள். கொஞ்சம் குரலை உயர்த்தியபின் பத்து நிமிட வேலையாகிவிட்டது.

*

மூன்றாமவரின் அனுபவம்: நான் தனியாக விலைக்கு வாங்கிய விண்டோஸ் கீயை, பழைய டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு மாற்றப் போய் மாட்டிக்கொண்டேன். வேறு கணினியில் பயன்பாட்டில் இருக்கிறது என்றது. பழையதில் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் யுபிகே கட்டளை போட்டுக் கீயைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைப் போன் வழியாக ஆக்டிவேட் செய்ய முயன்றேன். திரையில் ஏழு ஏழாக ஒன்பது தொகுதி, மொத்தம் 63 இலக்கம். நான் போன் பொத்தான்களை அழுத்த, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். ஐந்தாவது தொகுதியில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டார்.