16 மணி நேரம் நின்றதற்கு 900 ரூபாய்: விளம்பரப் பட ஷூட்டிங்கில் கூட்டத்தில் ஒருவராக நிற்கப் போகலாமா?

தாம்பரம்_பையன்:
போன மாதம் ஒரு நகைக்கடை விளம்பரத்தில் கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒருவனாக நின்றுவிட்டு வந்தேன். "பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை கொண்டு வரவும், 1,200 ரூபாய், சாப்பாடு உண்டு" என்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததைப் பார்த்துப் போனதுதான். காலை 5.30க்கு வடபழனியில் வேனில் ஏற்றினார்கள். ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு மண்டபம். முதல் ஷாட் எடுக்கும்போதே மணி பதினொன்று. பந்தியில் உட்கார்ந்து, காலையில் பொரித்த வடையை வாய் வரை கொண்டுபோய், பக்கத்து ஆளைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரிக்க வேண்டும். அதையே பதினான்கு முறை செய்தோம். இரவு 9.30க்குத்தான் பேக்கப், அதாவது ஷூட்டிங் முடிந்தது. சொன்ன 1,200இல் ஆள் சேர்த்த ஏஜென்ட் 300 பிடித்துக்கொண்டார், மீதி 900 என் கைக்கு வர 41 நாள் ஆனது. விளம்பரத்தில் நான் தெரியவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உழைத்த காசை ஏழு முறை போன் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்ததே, அதுதான் ஆறவில்லை. யாரும் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து.

பழைய_ஏடி:
தம்பி, ஆறு வருடம் விளம்பரப் படங்களில் உதவி இயக்குநராக இருந்தவன் நான். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் "யாரும் போகாதீர்கள்" என்பதை ஏற்க மாட்டேன். சினிமாவில் டைரக்டர் ஓகே சொன்னால் அடுத்த ஷாட்டுக்குப் போய்விடலாம். விளம்பரத்தில் அவர் ஓகே சொன்ன பிறகு தனி மானிட்டரில் விளம்பர ஏஜென்சிக்காரர்கள் பார்ப்பார்கள், அப்புறம் கிளையன்ட், அதாவது விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர் பார்ப்பார், நெக்லஸில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்பார், மறுபடி முதலிலிருந்து. எல்லாம் 30 விநாடிப் படத்துக்கு. அதிலிருந்தே 20 விநாடி, 10 விநாடி என்று சின்னப் படங்களாகவும் வெட்டுவார்கள், அதனால் ஒவ்வொரு விநாடிக்கும் சண்டை நடக்கும். கூட்டத்தைப் பாதியில் அனுப்பவும் முடியாது. மாப்பிள்ளைக்குப் பின்னால் காலையில் நீலப் புடவை நின்றிருந்தால் மாலை வரை நீலப் புடவை நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் பொருத்தம், போய்விடும். எங்கள் கஷ்டத்தையும் பாருங்கள்: அறுபது பேருக்குச் சொல்லி வைத்தால் நாற்பத்தைந்து பேர் வருவார்கள், மதியம் சாப்பிட்டதும் அதில் நாலு பேரைக் காணாது.

சாலிகிராமம்_அக்கா:
ஏடி தம்பி, நேரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. காசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? நான் பத்தொன்பது வருடமாக ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், அதாவது கூட்டத்தில் நிற்கும் துணை நடிகை, சங்கக் கார்டு வைத்திருப்பவள். சினிமா ஷூட்டிங்கில் கால்ஷீட் நேரம், அதாவது பேசிய வேலை நேரம், தாண்டினால் அதற்குத் தனிக் காசு கேட்கலாம், தராவிட்டால் போய் முறையிட ஒரு இடம் இருக்கிறது. இந்த வாட்ஸ்அப் கூட்டத்துக்கு என்ன இருக்கிறது? லைட் தூக்குகிறவரை 41 நாள் காத்திருக்கச் சொல்வீர்களா? மறுநாள் ஒரு லைட்டும் எரியாது.

தாம்பரம் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். "ஒரு அனுபவத்துக்கு வந்தேன்" என்று கொடுக்கிற தொகைக்கு வருகிற உங்களைப் போன்றவர்களைக் காட்டித்தான் எங்கள் கூலியைக் குறைத்தார்கள். உங்களுக்கு அது ஒரு நாள், எனக்கு அதுதான் வீட்டு வாடகை.

இன்னொன்று, இதை ஆண்கள் யாரும் எழுத மாட்டீர்கள். உடை மாற்ற இடம் கிடையாது. ஹீரோயினுக்கு கேரவன் நிற்கும். நாங்கள் முப்பது பெண்கள் மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால், இரண்டு பேர் புடவையை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் மாற்றுவோம். கொடுத்த பட்டுப்புடவை அழுக்காகக் கூடாது என்று எட்டு மணி நேரம் கீழே உட்கார விடமாட்டார்கள். பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் நின்று மயங்கி விழுந்த பெண்ணை நான் மடியில் கிடத்தியிருக்கிறேன்.

பழைய_ஏடி:
அக்கா, உடை மாற்றும் இடம் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அது எங்கள் தவறு. காசு தாமதத்துக்குக் காரணம் மட்டும் சொல்கிறேன். கிளையன்ட் ஏஜென்சிக்குத் தர வேண்டும், ஏஜென்சி தயாரிப்பு நிறுவனத்துக்கு, அங்கிருந்து கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கோஆர்டினேட்டருக்கு. நான் வேலை பார்த்த இடங்களில் இதற்கே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். ஆனால் உங்களைப் போல் கார்டு உள்ளவர்களை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றால், அதில் எனக்கு உடன்பாடில்லை. சீரியலில் பார்த்த முகமாக இருக்கிறது, புது முகம் கொடுங்கள் என்று கிளையன்டே கேட்பார்.

தாம்பரம்_பையன்:
அண்ணா, கிளையன்ட் மூன்று மாதம் கழித்துத் தருவதற்கு நான் ஏன் கடன் கொடுக்க வேண்டும்? வேன் டிரைவருக்கு அன்றைக்கே கொடுத்தார்கள், நான் பார்த்தேன். அக்கா, நான் குறைந்த காசுக்கு வந்ததால் உங்கள் கூலி போகிறது என்பது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. மன்னிக்கவும்.

சட்டம்_படிப்பவன்:
சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை. சினிமாத் தொழிலாளருக்காக 1981இல் வந்த மத்தியச் சட்டம் கதைப்படங்களுக்கு மட்டும்தான் இருந்தது, விளம்பரம் அதில் வரவில்லை. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு அந்த ஓட்டையை அடைத்தது. ஆடியோ விஷுவல் தயாரிப்பு என்பதில் விளம்பரத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரி அதற்குப் போதாது என்பது என் கருத்து.

இரண்டு_பிள்ளை_அம்மா:
என் ஏழு வயது மகளை ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், பிறந்தநாள் விழாக் கூட்டத்தில் நிற்க. காலை 9 முதல் இரவு 8 வரை என்கிறார் கோஆர்டினேட்டர். அவளுக்கு ஆசை. அனுப்பலாமா?

சட்டம்_படிப்பவன்:
கூடாது அக்கா, அந்த நேரத்துக்குக் கூடவே கூடாது. 2017இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி குழந்தை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வருமானத்தில் 20 சதவீதமாவது குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய_ஏடி:
இதில் நானும் அவர் பக்கம்தான். ஒழுங்காக நடத்துகிறவர்கள் மாற்றி மாற்றி நிறுத்த இரண்டு செட் குழந்தைகளை வரவழைப்பார்கள். ஒரே குழந்தையைப் பதினொரு மணி நேரம் வைக்கிறேன் என்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள் அம்மா.

சாலிகிராமம்_அக்கா:
அந்தப் பேப்பரையும் சொல்லுங்கள் தம்பி. வேனை விட்டு இறங்கியதுமே கையெழுத்து வாங்குவார்களே, எந்த மீடியாவிலும் எத்தனை வருடத்துக்கும் முகத்தைப் பயன்படுத்தலாம் என்று. தூரத்தில் கூட்டத்தோடு நின்றால் பரவாயில்லை. திடீரென்று ஒருத்தியை முன்னால் கூப்பிட்டு, மணப்பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடு, கேமராவைப் பார்த்துச் சிரி என்பார்கள். அது மாடல் வேலை, சம்பளமே வேறு. அதைக் கூட்டக் கூலிக்குச் செய்துவிட்டு வந்தால், அப்புறம் வேறு நகைக்கடை விளம்பரத்துக்கு அந்த முகத்தை எடுக்க மாட்டார்கள். எனக்கே நடந்தது. முன்னால் கூப்பிட்டால் "இதற்கு என்ன தருவீர்கள்" என்று அங்கேயே கேளுங்கள், கேமரா ஓடிய பிறகு கேட்டுப் பயனில்லை.

தாம்பரம்_பையன்:
அந்தப் பேப்பரை நான் படிக்காமலேதான் கையெழுத்துப் போட்டேன்.
ஏடி அண்ணா, நேராகவே கேட்கிறேன். எத்தனை மணி நேரம், தாண்டினால் மணிக்கு எவ்வளவு, பேக்கப் அன்றே காசு, இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் கூப்பிடுவார்களா?

பழைய_ஏடி:
ஒருவர் மட்டும் கேட்டால் கூப்பிட மாட்டார்கள், பொய் சொல்ல விரும்பவில்லை. வேனில் ஏறும் முன் இருபது பேர் சேர்ந்து கேட்டால் கோஆர்டினேட்டரால் அந்த நேரத்தில் வேறு ஆள் பிடிக்க முடியாது.

சாலிகிராமம்_அக்கா:
அந்த இருபது பேரும் முதலில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும் தம்பி. சங்கம் என்பதே அதுதானே.

தாம்பரம்_பையன்:
அதே குரூப்பில் வரும் ஞாயிறுக்கு ஒரு டீத்தூள் விளம்பரம் போட்டிருக்கிறார்கள், ரயில்வே பிளாட்பாரம் செட், நாற்பது பேர் வேண்டுமாம், 1,000 ரூபாய். மூன்று கேள்வியையும் குரூப்பிலேயே எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டேன். கோஆர்டினேட்டர் பார்த்துவிட்டார், பதில் இல்லை. கீழே ஒன்பது பேர் "எனக்கும் இதே கேள்வி" என்று எழுதியிருக்கிறார்கள்.