சூடானால் கிளம்ப மறுக்கும் 1982 பென்ஸ் 230 சிஇ கூபே: கார்புரேட்டருக்கு மாற்றத்தான் வேண்டுமா?

கீழக்கரை கூபே

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

இது வாப்பாவின் கார். 1982 மெர்சிடிஸ் பென்ஸ் 230 சிஇ, 123 வரிசையின் இரண்டு கதவு கூபே. 1997ல் சென்னையில் பழையதாக வாங்கினார்கள். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் நடுவில் தூண் இல்லாமல் பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். சின்ன வயதில் பின் சீட்டில் உட்கார்ந்து ஏர்வாடி போனது இன்னும் நினைவிருக்கிறது. வாப்பா வஃபாத்தான பிறகு வண்டி இரண்டு வருடம் கொட்டகையிலேயே நின்றது. இந்த வருடம் பேட்டரி, டயர், பிரேக் ஆயில், பிளக் எல்லாம் நானே மாற்றி ஓட்டத் தொடங்கினேன்.

பிரச்சினை இதுதான். காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ராமநாதபுரம் வரை குறையில்லாமல் ஓடுகிறது. அங்கே கடையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பிவிடுகிறது. போன வாரம் அரண்மனை பக்கம் உச்சி வெயிலில் உம்மாவை வண்டியில் வைத்துக்கொண்டு நின்றேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

ஸ்பார்க் வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பெட்ரோல் ஃபில்டர் புதிது. இங்கே பார்த்த மெக்கானிக், "இந்த இன்ஜெக்ஷனை மொத்தமாகக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் போட்டால் தொல்லை தீரும்" என்கிறார். வாப்பா வைத்திருந்தபடியே வைத்திருக்க ஆசை. வேறு வழி உண்டா?

இன்னொன்று. கடல் உப்புக்காக வாரம் ஒரு முறை மோட்டார் போட்டு அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவுகிறேன். அப்படியும் துரு கூடிக்கொண்டே போகிறது. ஏன் என்று புரியவில்லை.

வைகைக்கரை கேரேஜ்

வஅலைக்கும் ஸலாம் தம்பி. தயவுசெய்து எதையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். சிஇ என்ற பெயரில் சி கூபேயைக் குறிக்கும், இ இன்ஜெக்ஷனைக் குறிக்கும். 1977 முதல் 1985 வரை இந்தக் கூபே ஒரு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் செய்தார்கள். செடானைவிட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) 85 மில்லிமீட்டர் குட்டை. நல்ல நிலையில் ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம்.

உங்கள் எஞ்சினில் இருப்பது போஷ் கே-ஜெட்ரானிக் என்ற இன்ஜெக்ஷன் அமைப்பு. கம்ப்யூட்டர் கிடையாது. பின் அச்சுக்கு அருகில் இருக்கும் பம்ப், பெட்ரோலைச் சுமார் 5 பார் அழுத்தத்தில் முன்னால் அனுப்புகிறது. உள்ளே வரும் காற்று ஒரு தட்டைத் தூக்குகிறது, அந்தத் தட்டு ஒரு பிளஞ்சரை (ஏறி இறங்கும் சிறு தண்டை) தூக்குகிறது, அதற்கேற்ற பெட்ரோல் நான்கு இன்ஜெக்டருக்கும் இடைவிடாமல் போகிறது. எஞ்சினை நிறுத்தியதும் அழுத்தம் முழுவதும் விழுந்துவிடக் கூடாது. 2 பாருக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும். ஏனென்றால் நிறுத்திய முதல் இருபது, முப்பது நிமிடத்தில்தான் பானெட்டுக்குள் சூடு உச்சத்துக்கு ஏறும். குளிர்விக்கும் தண்ணீரும் ஓடாது, காற்றும் வராது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் அந்தச் சூட்டைத் தாங்கும். அழுத்தம் போய்விட்டால் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டருக்குப் போவது வெறும் ஆவி. ஆறியதும் ஆவி மறுபடி பெட்ரோலாகிவிடும், வண்டி கிளம்பும். நீங்கள் சொல்லும் கதை அப்படியே இதுதான்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று. அடுத்த முறை சூட்டில் மக்கர் செய்யும்போது செல்ஃப் அடிக்க வேண்டாம். சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பின்னால் பம்ப் ஒரு நொடி முனகி நிற்கும். ஆஃப் செய்து மறுபடி ஆன். ஐந்தாறு முறை இப்படிச் செய்துவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால், அழுத்தம் எங்கேயோ ஒழுகிப் போகிறது என்று பொருள்.

தொண்டி டீசல்

காக்கா, நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மச்சான் ஒரு பழைய இன்ஜெக்ஷன் வண்டியில் கார்புரேட்டர் போட்டு ஆறு வருடமாக ஓட்டுகிறார். ஸ்பேர் தேடி சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அலைய வேண்டியதில்லை. ராத்திரி வழியில் நின்றாலும் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். ஊரில் ஓடுகிற வண்டிக்கு அது பெரிய நிம்மதி.

வைகைக்கரை கேரேஜ்

தொண்டி தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, வழியில் நிற்கும் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் கார்புரேட்டர் இந்த நோய்க்கு மருந்து இல்லை. எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் பெட்ரோல் இதே சூட்டில் கொதிக்கும். பம்பும் இன்ஜெக்ஷனுக்காகச் செய்த பம்ப், கார்புரேட்டருக்கு அந்த அழுத்தம் ஆகவே ஆகாது, அதையும் மாற்ற வேண்டிவரும். ஒரு ஒழுகும் வால்வுக்காக இவ்வளவு வேலையா? முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம்.

கீழக்கரை கூபே

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். தேவிபட்டினம் வரை போய்விட்டு வந்து வீட்டு வாசலிலேயே இருபது நிமிடம் நிறுத்தினேன். முதலில் வழக்கம் போலப் பிடிக்கவில்லை. சாவியை ஆறு முறை ஆன் ஆஃப் செய்துவிட்டு அடித்தேன், அரைச் சுற்றிலேயே பிடித்துவிட்டது! மூன்று மாதமாக இது தெரியாமல் ஸ்பார்க்கையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

பாம்பன் போட் மெக்கானிக்

தம்பி, இன்ஜெக்ஷன் விஷயத்தை மதுரை வைகைக்கரை அண்ணன் பார்த்துக்கொள்வார். நான் துருவைப் பற்றிக் கேட்கிறேன். வாரா வாரம் கழுவுகிறேன் என்கிறீர்களே, எந்தத் தண்ணீரில்?

கீழக்கரை கூபே

வீட்டு போர் தண்ணீர்தான் அண்ணே. குடிக்க முடியாது, வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். குளிக்க, கழுவ அதுதான்.

பாம்பன் போட் மெக்கானிக்

அதுதான் காரணம். காற்று கொண்டுவருகிற உப்பு போதாதென்று, காற்று போக முடியாத மூலைக்கெல்லாம் நீங்களே பம்ப் வைத்து உப்பை ஏற்றியிருக்கிறீர்கள். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் உப்பும் கலந்திருக்கும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழை இல்லாவிட்டாலும் தகரம் ராத்திரி முழுக்க ஈரமாகவே கிடக்கும். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை வண்டி கழுவச் செலவழிக்க மனசு வராது, வரவும் கூடாது. ஆனால் மாடியில் விழும் மழைத்தண்ணீரை ஒரு சின்டெக்ஸ் டேங்கில் பிடித்து வைக்கலாம். மாதம் ஒரு முறை இரண்டு குடம் நல்ல தண்ணீர் போதும். தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற கைப் பம்பில் ஊற்றி, மட்கார்டு உட்பக்கம், செஸ் (கதவுக்குக் கீழே ஓடும், உள்ளே குழிவான தகரப் பகுதி) ஓரம், ஜாக்கி வைக்கும் துளை என்று நிதானமாக அடியுங்கள். போர் தண்ணீரில் வாரம் ஒரு முறை கழுவுவதைவிடக் கழுவாமல் இருப்பதே மேல்.

போட்டில் கட்டுகிற துத்தநாகக் கட்டியை வண்டியில் கட்டலாமா என்று சிலர் என்னிடம் கேட்பார்கள். கட்ட வேண்டாம். கடல் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தால்தான் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். காற்றில் நிற்கும் காருக்கு அது வேலை செய்யாது. காருக்குப் பூச்சுதான் காவல். எங்கள் ஊர்ப் பழைய ரயில் பாலம் 1914ல் கட்டியது. பெயின்ட் அடித்து அடித்துத்தான் அதை அத்தனை வருடம் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு உள்ளே போட்ட கம்பியே துருப்பிடிக்காத எஃகு, மேலே பாலிசிலாக்சேன் பூச்சு. இந்தக் காற்றுக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டியிருக்கிறது.

கார் மேல் தார்பாய் மூடுகிறீர்களா? அதையும் எடுத்துவிடுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். கொட்டகைக்குள் காற்று ஓடினால் போதும்.

வைகைக்கரை கேரேஜ்

பாம்பன் அண்ணன் சொன்னது எனக்கே பாடம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பற்றி நான் யோசித்திருக்கவே மாட்டேன்.

சரி தம்பி, அழுத்தத்துக்கு வருவோம். கே-ஜெட்ரானிக் அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்று இரவலாவது வாங்குங்கள், ஊகத்தில் பாகம் மாற்ற வேண்டாம். பெட்ரோலை இன்ஜெக்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் (ஸ்பார்க் டிஸ்ட்ரிபியூட்டர் வேறு), எஞ்சின் சூடேறும்வரை பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்டுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் பெட்ரோல் இணைப்பில் கை வைக்க வேண்டும். வெளியில், தீயணைப்பான் பக்கத்தில், எஞ்சின் ஆறிய பிறகு. 5 பார் என்றால் பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். வேகமாக இறங்கினால் சந்தேகப்பட வேண்டியவை சில. பம்ப் வாயில், பெட்ரோல் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு. பம்புக்குப் பக்கத்தில் உருளையாக, நிறுத்திய பிறகும் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் அக்யுமுலேட்டர். பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பிரஷர் ரெகுலேட்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கடைசியாகச் சொட்டும் இன்ஜெக்டர் அல்லது குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவும் கோல்ட் ஸ்டார்ட் வால்வு. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸை மெதுவாக நெரித்தால் முள் நின்றுவிடுகிறதா? செக் வால்வு. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை நெரித்தால் நிற்கிறதா? ரெகுலேட்டர். அக்யுமுலேட்டரின் பின்னால் ஒரு சிறு ஹோஸ் இருக்கும். அதைக் கழற்றி, ஹோஸ் முனையை அடைத்துவிட்டு, நிப்பிளைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது அங்கே பெட்ரோல் வரவே கூடாது. வந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்துவிட்டது. அழுத்தம் ஏறியிருக்கும், மேலே பின்னல் போட்ட ஹோஸையோ உலோகக் குழாயையோ நெரிக்காதீர்கள்.

கீழக்கரை கூபே

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கேஜ் கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

சிஸ்டம் அழுத்தம் 5.2 பார். சூட்டில் கன்ட்ரோல் அழுத்தம் (பிளஞ்சரை மேலிருந்து அமுக்கும் அழுத்தம்) 3.6. நிறுத்தியதும் நான்கு நிமிடத்தில் பூஜ்யம்! டேங்க் ஹோஸை நெரித்தேன், மாற்றமில்லை. ரிட்டர்னை நெரித்தேன், மாற்றமில்லை. அக்யுமுலேட்டர் நிப்பிளைத் திறந்து பம்பை ஓட்டச் சொன்னேன், என் தம்பி சாவியைத் திருப்பியதும் நிப்பிளிலிருந்து பெட்ரோல் நூல் மாதிரி கொட்டியது. டயாஃப்ரம்தான்.

புது அக்யுமுலேட்டர் வரவழைத்து மாட்டிவிட்டேன். அங்கே இருந்த ரப்பர் ஹோஸ் எல்லாம் விரலால் மடக்கினாலே வெடிப்புத் தெரிந்தது, அவற்றையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றினேன். இப்போது அரை மணி நேரம் கழித்தும் முள் 2.6ல் நிற்கிறது. நேற்று உம்மாவை அழைத்துக்கொண்டு அதே அரண்மனை பக்கம், அதே உச்சி வெயில், இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினேன். தொட்டதும் பிடித்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை, டேஷ்போர்டை ஒரு முறை தடவிப் பார்த்தார்கள்.

ஆனால் பம்ப் இருக்கும் இடத்துக்காகப் படுத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. வலது பின்பக்கம் ஜாக்கி வைக்கும் துளையைச் சுற்றித் தகரம் வீங்கியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினேன், உள்ளே போய்விட்டது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் டிங்கர்.

வைகைக்கரை கேரேஜ்

அக்யுமுலேட்டர் விஷயத்தில் மனசு நிறைந்துவிட்டது தம்பி. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் பிளஞ்சர் சிக்கும். வாரம் ஒரு முறையாவது நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.

அந்தத் துளைக்குப் பட்டி வேண்டவே வேண்டாம். பட்டிக்கு அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும், இரண்டு மழைக்குப் பிறகு பெயர்ந்து வரும். அது வண்டியின் எடையைத் தாங்கும் இடமும்கூட. அந்த மூலையில் இனி ஜாக்கி வைக்காதீர்கள்.

பாம்பன் போட் மெக்கானிக்

பளபளவென்று நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, நன்றாகக் காயவிட்டு, புதுத் தகரம் வைத்து வெல்டிங். உப்பு உள்ளே இருக்கும்போது மேலே பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது. வெல்டிங் வைக்கும்முன் கார்ப்பெட், பெட்ரோல் குழாய், பேட்டரி மூன்றையும் விலக்கிவிடுங்கள். அப்புறம் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயின்ட். கடைசியில் செஸ்ஸின் உட்குழிக்குள் மெழுகு ஸ்ப்ரே.

முக்கியமாக, செஸ் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். டிங்கர் அவற்றை அழகுக்காக அடைத்துவிடுவார். ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, எல்லாம் திறந்திருக்கிறதா என்று நீங்களே சரிபார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கீழக்கரை கூபே

இன்ஷா அல்லாஹ் அப்படியே செய்கிறேன் அண்ணே. மாடியில் சின்டெக்ஸ் டேங்குக்கு இன்றைக்கே குழாய் இழுத்தாயிற்று. ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறேன்.