டிஸ்க் இமேஜ்: படியா, படிமமா, உருவா?

அன்புடையீர்,

விளையாட்டுக் கருவிகளின் வட்டுகளைக் கணினியில் சேமித்துவைக்க உதவும் ஒரு மென்பொருளின் சரங்களை (திரையில் தோன்றும் சொற்களையும் தொடர்களையும்) வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி ஒப்படைக்க வேண்டும். வட்டில் உள்ளதை அப்படியே கொண்ட கோப்பைக் குறிக்கும் 'டிஸ்க் இமேஜ்' மட்டும் இடறுகிறது. 'வட்டு நகல்' என்றால், கோப்புகளை ஒரு கோப்புறைக்குள் இழுத்துப் போடுவதையும் பயனர் அப்படித்தானே சொல்வார்? இங்கே நடப்பது வேறு. முதல் பிளேஸ்டேஷனின் குறுவட்டில் ஒவ்வொரு செக்டரிலும் (வட்டின் சிறு தரவுப் பகுதியிலும்) உள்ள 2352 பைட்டுகளும், பிழைதிருத்தப் பகுதி உட்பட, இருந்த வரிசையிலேயே 'பின்' (.bin) கோப்பில் இறங்குகின்றன. எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்பதை அதனுடன் வரும் 'கியூ' (.cue) கோப்பு சொல்கிறது. செக்டருக்கு 2048 பைட்டு மட்டும் கொள்ளும் 'ஐஎஸ்ஓ' (.iso) கோப்பாக எடுத்தால், தனி இசைத்தடங்கள் கொண்ட விளையாட்டு இசையை இழந்துவிடும். ஆகவே 'வட்டுப்படிமம்' எனலாமா?

மறுமொழி:

ஐயா, படிமம் வேண்டாம். அது வடமொழிப் பிரதிமையின் திரிபு என்பார் உளர். தொல்காப்பியப் பாயிரத்தின் 'பல்புகழ் நிறுத்த படிமையோன்' என்பதைக் காட்டி மறுப்பாரும் உளர். அங்கே படிமைக்குத் தவவொழுக்கம் என்று பொருள் கொள்வதால், நம் வட்டுக்கு அது உதவாது என்பது வேறு. என் பரிந்துரை 'வட்டுரு'. குற்றியலுகரம் கெட்டு உயிர் ஏறிய நான்கெழுத்துச் சொல். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்னும் 401ஆம் குறளில் வட்டு ஆடுகருவியாகவே வருவதால், விளையாட்டு வட்டுக்கு இதனினும் பொருந்தும் சொல் ஏது?

மறுமொழி:

வகுப்பில் 'வட்டுரு' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். மாணவர் அனைவரும் வட்ட வடிவம் என்றே கொண்டனர். 'வட்டுப்படி' எளிது, 'படியெடு' என வினையாகவும் வரும்.

மறுமொழி:

'வட்டுப்படி'யை நானும் இட்டுப் பார்த்தேன். அதே திரையில் வட்டிலுள்ள தரவைப் படிக்கச் சொல்லும் பொத்தான் 'வட்டைப் படி' என்று இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நின்றால், மொழிபெயர்த்த எனக்கே கை தயங்குகிறது. படிமம் என்றால் ஒளிப்படம் என்று எண்ணுவார்களே என்ற அச்சம் இருந்தது. விளையாட்டு உறையின் படத்தைக் குறிக்கும் சரத்தை 'அட்டைப்படம்' என்று மாற்றியபின் அந்தக் குழப்பம் நீங்கியது. மூவர் இசைந்ததால் 'வட்டுப்படிமம்' என்றே அனுப்புகிறேன்.

மறுமொழி:

அனுப்புங்கள், தடுக்கவில்லை. பொருள் விளங்காதென்று வட்டுருவைத் தள்ளியவர்கள், படிமம் மட்டும் எப்படி விளங்கும் என்பதை இன்னும் சொல்லவில்லை.