பெட்டி முழுவதும் மாம்பழமாகவே இருக்கட்டும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டினத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது ஹூ, விச், வேர் போன்ற சொற்களில் தொடங்கி ஒரு பெயரை விவரிக்கும் தொடர், பற்றிய பாடத்தைச் சீட்டு விளையாட்டாக நடத்துவது ஆங்கில ஆசிரியர்கள் பலரும் செய்வதுதான். ஒருவர் சீட்டிலுள்ள பெயரைச் சொல்லாமல் முழு வாக்கியத்தில் விவரிக்க, மற்றவர்கள் அது இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பெட்டிக்குள் எந்தச் சீட்டுகளைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே இதன் பயன் அமைகிறது என்பது என் அனுபவம்.

யானை, பேருந்து, மருத்துவமனை என்று கலந்து போட்டால் "பிக் அனிமல்" என்பதே போதும். தொடரை நீட்டும் தேவையே எழாது. அதனால் எங்கள் வகுப்பில் ஒரு பெட்டி முழுவதும் மாம்பழங்கள்: மல்கோவா, செந்தூரா, நீலம், பங்கனப்பள்ளி, பெங்களூரா. தோப்புகளுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கு இவற்றின் குணம் என்னைவிட நன்றாகவே தெரியும்.

பெங்களூரா சீட்டை எடுத்த மாணவி "இட் இஸ் எ மேங்கோ விச் இஸ் ஸ்வீட்" என்று தொடங்கியதும், ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். அடுத்து, பழக்கூழ் ஆலைக்குப் போகும் மாம்பழம் என்ற பொருளில் "பல்ப் ஃபேக்டரி கோயிங் மேங்கோ" என்றாள். பொருள் எல்லோருக்கும் புரிந்தும், முழு வாக்கியம் இல்லையென்று எதிரணி ஒப்புக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு "இட் இஸ் எ மேங்கோ ஹூஸ் நோஸ் இஸ் லைக் எ பேரட்ஸ் பீக்" என்றாள். விடை உடனே வந்துவிட்டது. ஹூஸ் மனிதருக்கு மட்டுமே வரும் என்று ஒரு மாணவன் வாதாடியதில் மீதி நேரம் போயிற்று, பயனுள்ள வாதம்தான்.

"பல்ப் ஃபேக்டரி கோயிங் மேங்கோ" என்பதை அறியாமையால் வந்த பிழையென்று ஒதுக்க முடியாது. தமிழில் "போகும் மாம்பழம்" என்பதுபோல் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தத் தொடர் பெயருக்குப் பின்னால் வருகிறது. அதோடு, "மழை பெய்த ஊர்", "மழை பெய்த நாள்" இரண்டிலும் "பெய்த" மாறாமல் இருக்க, ஆங்கிலத்தில் முன்னதற்கு வேர், பின்னதற்கு வென் என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான். அம்மொழிகளிலும் எச்சம் முன்னால்தான் வரும்.

ஊர்ப்பெட்டியில் ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, தீர்த்தமலை, பாப்பாரப்பட்டி ஆகியவை இருக்கும். "த டவுன் வேர் சுப்பிரமணிய சிவா டைட்" என்பது எளிதில் வந்துவிடுகிறது. "த பிளேஸ் வேர் வி விசிட்டெட்" என்பதுதான் தீராத தொல்லை. விசிட் என்ற வினைக்கு அந்த இடமே செயப்படுபொருளாகிவிடுவதால் அங்கே விச் அல்லது தட் வர வேண்டும். இந்த ஒன்றைக் கரும்பலகையில் தனியாக விளக்காமல் விளையாட்டை மட்டும் நம்புவது வீண்.

காற்புள்ளியிட்டு எழுதும் கூடுதல் தகவல் தொடருக்கும் இந்த விளையாட்டு உதவாது. "ராஜாஜி, ஹூ வாஸ் பார்ன் இன் 1878," என்னும்போது ஆள் யாரென்று முன்பே தெரிந்துவிடுவதால் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகையால் அதை எழுத்துப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, இரண்டு தனி வாக்கியங்களைக் கொடுத்து இணைக்கச் சொல்கிறேன்.