அண்ணனிடம் பேசி முடித்தால் 'கோபம்' என்று மட்டும்தான் எழுத வருகிறது

வணக்கம். திண்டுக்கல்லில் இருக்கிறேன், வயது 38. அம்மா என்னோடு இருக்கிறார், அண்ணன் சென்னையில். ஞாயிறுதோறும் அம்மாவின் மருந்துச் செலவு பற்றிப் போனில் பேசுவோம். ஆறு மாதமாக ஒரே கதை. மூன்றாவது நிமிடத்தில் காது சூடாகும், தொண்டை அடைக்கும், "சரிண்ணே" என்று சொல்லி வைத்துவிடுவேன். சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் வரிசையாக வரும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வழிவந்த உளச்சிகிச்சையில் சொல்லும் சிந்தனைப் பதிவை எழுதிப் பார்த்தேன். நடந்தது, அப்போது மனதில் ஓடியது, வந்த உணர்ச்சி, அது நூற்றுக்கு எவ்வளவு என்று கட்டம் போட்டு, 11 வாரமாக. உணர்ச்சிக் கட்டத்தில் எல்லா வாரமும் "கோபம், 80". (ஒரு வாரம் 85. அன்று கரண்ட் வேறு இல்லை.) பேச்சை நிறுத்தி, 20 நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டும் பார்த்தேன். படபடப்பு அடங்கியது, விஷயம் பிடிபடவில்லை. தோழியிடம் சொன்னால் அண்ணனைத் திட்டுகிறாள். அது எனக்கு வேண்டாம், அவர் கெட்டவர் இல்லை.

நோட்டைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. பணப் பேச்சு வரும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. "நீ வீட்லதானே இருக்க" என்று அவர் சொன்ன பிறகுதான் காது சூடாகிறது. அதற்கு மேல் யோசித்தால் மனம் நழுவிவிடுகிறது.

இப்படி எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: 'கோபம்' என்ற சொல்லுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க, உங்களை நீங்களே என்ன கேட்டுக்கொண்டீர்கள்?