ஷோபீஸ் கோரல் (வீட்டு உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளம்) வாங்கி நொந்தவர்கள் யாராவது உண்டா?

உப்புத்தண்ணி, பெரம்பூர்
எட்டு மாதம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. கொளத்தூருக்கு டேங்கில் கலக்குகிற சால்ட் வாங்கப் போனவன் டோட்ஸ்டூல் லெதர் என்கிற காளான் வடிவக் கோரலோடு திரும்பினேன். கடைக்காரர் வெள்ளை லைட்டை அணைத்து நீல லைட்டை மட்டும் விட்டார். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்குக் காளான், தலை முழுக்கப் பச்சைப் பாலிப், பூ மாதிரி விரிகிற சின்ன உயிர்கள். 4,500 சொல்லி 3,800க்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து என் லைட்டில் பார்த்தால் டீயில் ஊறிய ரஸ்க் நிறம். அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்காடா நாலாயிரம்?" என்று கேட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

சரி, நிறம் போனால் போகட்டும். இரண்டு நாள் நன்றாக விரிந்தது, க்ளவுன் மீன் ஜோடி அதிலேயே படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் சுருங்கியது. அப்புறம் விரியவே இல்லை. ஒன்பதாம் நாள் காலை, டேங்கையே கெடுத்துவிடுமோ என்று பயந்து கையை விட்டுத் தூக்கினேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் பாலாடை மாதிரி ஒரு படலம் உரிந்து வந்தது. கீழே புதுத் தோல், வெளிர்ப்பச்சை. முகர்ந்து பார்த்தேன், நாறவில்லை. செத்த கோரல் என்ன நாற்றம் நாறும் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

வில்லிவாக்கம்வாசி
ஐயோ ப்ரோ, அது தோல் உரித்திருக்கிறது! லெதர் எல்லாம் அப்படித்தான், மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் அந்தப் படலத்தோடு தள்ளிவிடும். ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்கூட மூடிக் கிடக்கும். வேவ்மேக்கரை (தண்ணீரை அலையடிக்க வைக்கும் மோட்டார்) கொஞ்சம் அதன் பக்கம் திருப்பியிருந்தால் போதும்.

எனக்கு மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர். கரண்ட் போய் இரண்டு நாள், தெருவில் முழங்கால் தண்ணீர், பேட்டரி ஏர் பம்ப் முதல் ராத்திரியே படுத்துவிட்டது. நானும் அப்பாவும் மணிக்கு ஒருவர் என்று முறைவைத்து சாம்பார் கரண்டியால் டேங்கைக் கலக்கிக்கொண்டிருந்தோம், ஆக்ஸிஜனுக்காக. விடியற்காலை மூன்று மணி இருக்கும், செல்போன் டார்ச்சை அடித்துப் பார்க்கிறேன், ஜீனியா கோரல் கொத்து கஞ்சி மாதிரி ஆகிக் கரண்டியோடு சுற்றுகிறது. "மீன் இருக்குல்ல, விடு" என்றார் அப்பா. மஷ்ரூம் கோரல் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது.

டார்ச்_தம்பி
லெதருக்கே இவ்வளவு வருத்தமா அண்ணே? எனக்கு ஒரு இடத்தில் பின்பக்க ரூமுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஈரச் சாக்கை விலக்கினால் தங்க நிற டார்ச் கோரல், நுனியெல்லாம் ஊதா. விரல் விரலாக அசைகிறது. மூச்சே நின்றுவிட்டது. பில் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி சாக்கை மூடிவிட்டார். வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

காசிமேட்டுக்காரன்
தோன்ற வேண்டாம் தம்பி. டார்ச், ஹாமர் எல்லாம் ஹார்டு கோரல், கல் மாதிரி கூடு கட்டுகிற வகை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, புலி இருக்கிற அதே அட்டவணை. 2001இல் சேர்த்தார்கள். கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே அதில்தான். மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை உள்ளே வைக்கலாம். செத்த துண்டை ஷோகேஸில் வைத்திருந்தாலும் குற்றம்தான். எங்கள் தாத்தா வலையில் மாட்டிய கடல் விசிறி ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் ரொம்ப வருடம் இருந்தது. சட்டம் வந்த சேதி தெரிந்ததும் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்க் கடலில் போட்டார். பாட்டி இரண்டு நாள் பேசவில்லை. அந்தச் சுவரில் விசிறி வடிவத்திலேயே வெள்ளைத் தடம், அடுத்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்வரை இருந்தது.

தண்டையார்பேட்டை_4_அடி
சட்டம் இருக்கட்டும், உயிருக்கே வேட்டு வைக்கிற கோரல் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. ஜோவா என்கிற பொத்தான் மாதிரிக் கோரல் ஒட்டியிருந்த கல்லில் பாசி பிடித்துவிட்டது. சமையலறை சிங்க்கில் வைத்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு மணி நேரத்தில் வாயெல்லாம் பழைய பத்து பைசாவைச் சப்பினதுபோல ஒரு ருசி. ராத்திரி குளிர் ஜுரம், மூச்சு வாங்கியது. டாக்டர் "என்ன சாப்பிட்டீங்க?" என்கிறார். கல்லைக் கழுவினேன் சார் என்கிறேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். ஜோவாவில் இருக்கிற விஷத்துக்குப் பாலிடாக்ஸின் என்று பெயர் என்பதே பிறகுதான் தெரியும்.

ரீஃப்_தாத்தா, அயனாவரம்
என்னிடமும் ஒரு லெதர் போயிற்று, 2019 மே மாதம், வெயிலில். அது கிடக்கட்டும். இங்கே யாருமே தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. லாரித் தண்ணீரில் சால்ட் கலக்குபவர்கள் கையைத் தூக்குங்கள். வீட்டு ஆர்ஓ போதாது, அதன் பின்னால் டிஐ (மிச்ச உப்புகளையும் எடுக்கிற ஃபில்டர்) மாட்டி டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு, பூஜ்யம் வர வேண்டும். உப்பு 1.025 (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி), வெப்பம் 26 டிகிரி. சில்லர் வாங்க முடியாதவர்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேல் சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. இதைத் தப்பாகச் செய்தே பாதிப் பேர் டேங்கைக் கொல்கிறார்கள். கடலிலிருந்தே மொண்டு வருகிற புத்திசாலிகளும் உண்டு.

காசிமேட்டுக்காரன்
தாத்தா, அந்தப் புத்திசாலி நான்தான். போட்டில் ஐந்தாறு மைல் தள்ளிப் போய் மொண்டு வருவேன், துறைமுகத்தில் அல்ல. ஆறு வருடம் ஓடியது. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் பரவியதிலிருந்து நானும் சால்ட் பக்கெட்தான் வாங்குகிறேன். அதற்காகப் பழைய ஆறு வருடம் பொய்யாகிவிடுமா?

ரீஃப்_தாத்தா, அயனாவரம்
அதிர்ஷ்டத்தை முறை என்று சொல்லக் கூடாது.

உப்புத்தண்ணி, பெரம்பூர்
என்னிடம் ஆர்ஓ-டிஐ இருக்கிறது தாத்தா, ஃபேனும் இருக்கிறது. நான் கேட்க நினைத்தது வேறு. தண்ணீர் இல்லாமல், ஈரப் பேப்பரில் சுற்றி வைத்தால் ஒரு லெதர் எவ்வளவு நேரம் தாங்கும்? நான் சுற்றி வாசலில் வைத்தது ஆறரை மணிக்கு. வண்டி வந்தது பத்து மணிக்கு.