பாட்டி பெயர் பிச்சையம்மா: மகளுக்கு வைக்கலாமா?

வைகைக்கரையாள்:
பெண் குழந்தை பிறந்து இன்றோடு 22 நாள். முப்பதாம் நாள் பெயர் வைக்க வேண்டும். இவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு கரு தங்கவில்லை. அதனால்தான் என் அப்பாவைப் பெற்ற பாட்டி பிச்சையம்மாவின் பெயரை வைக்க ஆசைப்படுகிறேன்.

பாட்டிக்கு மேலே பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நான்காவதாகப் பாட்டி பிறந்ததும் கொள்ளுப்பாட்டி அவரை முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். முன்பே பேசி வைத்தபடி பக்கத்து வீட்டம்மா 'கிடந்துச்சு, எடுத்தேன்' என்று தூக்கிப் போனார். கொள்ளுப்பாட்டி அந்த வீட்டு வாசலுக்குப் போய் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கி வந்தார். ஐந்து வீட்டில் மடிப்பிச்சை எடுத்த அரிசியைப் பொங்கிப் படைத்துத்தான் பெயர் வைத்தார்கள். பாட்டி 84 வயது வரை இருந்தார்.

புகுந்த வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. நட்சத்திரம் திருவாதிரை, 'கு'வில்தான் தொடங்க வேண்டும் என்கிறார் மாமனார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

தெற்குவாசல்:
வேண்டாம்மா. 19 வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிறவன் சொல்கிறேன். போன வருஷம் ஒரு பையன் உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். அப்பா பெயர் எழுதும் கட்டம் வந்ததும் இடது கையால் அதை மூடிக்கொண்டு எழுதினான். அப்பா பெயர் குப்பன். பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று அவ்வளவு பாடு. அப்பா பெயருக்கே அப்படி என்றால் தன் பெயராக இருந்தால் என்ன ஆகும்?

பொன்னி நாடன்:
தெற்குவாசல் சார், அந்தப் பையன் கையை எடுக்கும்படி குப்பன் என்றால் என்ன என்று வகுப்பில் சொல்லியிருக்கலாமே! சாவுக்குப் பிடிக்காத பொருளாகப் பிள்ளையைக் காட்டினால் சாவு தொடாமல் போய்விடும் என்று நம்பினார்கள். அதனால் குப்பையில் கிடத்தி எடுத்த பிள்ளை குப்பன், குப்பாயி. மூக்குக் குத்தி நேர்ந்துவிட்டால் மூக்கன், மூக்காயி. மண்ணாங்கட்டி என்றுகூட வைத்தார்கள். பிள்ளைகள் கொத்துக் கொத்தாகப் போன காலம் அது. தாயிடம் இருந்த ஒரே மருந்து பெயர்தான்.

இது நம் ஊரோடு நிற்கவில்லை. தெலுங்கில் பெண்டய்யா என்றால் குப்பைமேட்டுப் பிள்ளை. வங்காளத்தில் தீன்கொரி, பாஞ்ச்கொரி என்று பெயர்கள் உண்டு, மூன்று சோழிக்கும் ஐந்து சோழிக்கும் விலைக்கு வாங்கிய பிள்ளை என்று பொருள். நம் தவிட்டுப் படி அங்கே சோழி. நம்மிலேயே பிச்சை என்ற பெயர் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூன்று பேரிடமும் இருக்கிறது. கூகுள் தலைவர் பெயரோடு அது உலகம் முழுக்கச் சுற்றுகிறது, யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி, தைரியமாக வையுங்கள்.

செம்புலம்:
பெயர் தமிழாக இருக்க வேண்டாமா? பிச்சை என்பதே 'பிக்ஷை' என்ற வடசொல்லின் திரிபு. வேதாசலம் என்ற பெயரை விட்டு மறைமலை என்று வைத்துக்கொண்டவர் பிறந்த மண் இது. வேதம் மறை, அசலம் மலை. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனார். பரிதி சூரியன், மால் நாராயணன். கீழடிப் பானை ஓட்டில் தமிழி எழுத்தில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று கீறியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த பெயரை இன்று குழந்தைக்கு வைக்க முடிகிறது. பிசிராந்தையாரின் 'ஆந்தை'கூட ஆதன் தந்தை என்பதன் மரூஉ என்பார்கள். பாட்டி பெயரை மதிக்கிறேன். ஆனால் அதைவிட ஆழத்தில் நமக்குப் பெயர்கள் இருக்கின்றன.

வைகைக்கரையாள்:
செம்புலம் அண்ணா, ஆதன் அழகான பெயர். ஆனால் அதில் என் கொள்ளுப்பாட்டி இல்லையே.

ஐந்தாம்பிள்ளை:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பெயர் போதும்பொண்ணு. எனக்கு மேலே நாலு அக்கா.

குப்பன், பிச்சை, போதும்பொண்ணு எல்லாவற்றையும் 'அந்தக் காலத்துப் பெயர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். வைகைக்கரையாளின் பாட்டிக்குப் பெயர் வைத்தவள், பிள்ளை தங்க வேண்டும் என்று எமனிடம் பொய் சொன்னாள். எனக்குப் பெயர் வைத்தவர்கள் மனசில் இருந்ததை என் தலையிலேயே எழுதிவிட்டார்கள். 'போதும்' என்று வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்ற நம்பிக்கை. திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே பெண் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் சாதாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுசா' என்ற பெயரோடு இருந்த 285 சிறுமிகளுக்கு 2011இல் விழா எடுத்து வேறு பெயர் சூட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

வங்கியில் என் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து போகிற அந்தப் பத்தடி தூரம் எனக்குத்தான் தெரியும். 41 வயதில் அரசிதழில் போட்டுப் பெயரை மாற்றினேன்.

அதனால் தங்கச்சி, உங்கள் பாட்டியின் பெயரில் அன்பு இருக்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்தடி நடக்கும்போது உங்கள் மகளால் தவிட்டுக் கதையை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போக முடியாது.

பொன்னி நாடன்:
அக்கா, நீங்கள் பிரித்துச் சொன்னது எனக்குப் புத்தியில் படாத விஷயம். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சிரிக்கிறவனுக்குப் பயந்து நல்ல பெயரை விடுவது எனக்கு ஒப்பவில்லை. இந்தத் தலைமுறையில் யாருமே வைக்காவிட்டால் கதையும் அதோடு போய்விடும்.

தெற்குவாசல்:
கதையைக் காப்பாற்றுகிற வேலையை ஆறு வயதுப் பிள்ளை தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள்? அது பெரியவர்கள் வேலை.

செம்புலம்:
நேற்று நான் அவசரப்பட்டுவிட்டேன். பெயரின் வேரைப் பார்த்தேன், பாட்டியைப் பார்க்கவில்லை. நட்சத்திரம் திருவாதிரை என்றீர்கள் அல்லவா? ஆதிரை என்று வைத்தால் என்ன? 'கு' கிடைக்காவிட்டாலும் நட்சத்திரமே பெயராக வந்துவிடும், மாமனார் மறுக்க மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. மணிமேகலையில் அமுதசுரபியை ஏந்தி வருகிறவளுக்கு முதல் பிச்சை இடுகிறவள் ஆதிரை. கடலில் போன கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கியும் தீ சுடாத பெண். அவள் இட்ட பிடிச் சோற்றுக்குப் பிறகுதான் அந்தப் பாத்திரம் வற்றாமல் சுரக்கிறது. அந்தப் பகுதிக்குச் சாத்தனார் வைத்த தலைப்பு 'ஆதிரை பிச்சையிட்ட காதை'. மடியேந்திய உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு அரிசி போட்ட அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் இந்தப் பெயரில் இருக்கிறார்கள்.

ஐந்தாம்பிள்ளை:
தம்பி, இதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன்.

தங்கச்சி, அவசரப்பட்டு முடிவு எடுக்க வேண்டாம். பிறப்பைப் பதிந்துவிட்டால் போதும், அதிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். எழுத்துப்பிழை இல்லாமல் ஒரே தடவையில் பதியுங்கள்.

பொன்னி நாடன்:
ஆதிரை நல்ல பெயர். நான் இன்னும் பிச்சையம்மா பக்கம்தான்.

வைகைக்கரையாள்:
நேற்று ராத்திரி ஆதிரை கதையை அப்பாவிடம் தொலைபேசியில் வாசித்தேன். வெகு நேரம் பேச்சில்லை. அப்புறம், "சர்டிபிகேட்ல ஆதிரைன்னே எழுது. காதுல மூணு தடவ பேரு சொல்லுவோம்ல, அதுல ஒரு தடவ ஆத்தா பேரையும் சொல்லிரு" என்றார். மாமனாரும் சரி என்றுவிட்டார்.

முப்பதாம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிப் போக ஒத்துக்கொண்டார். மாட்டுத்தீவனக் கடையில் ஒரு படி தவிடு சொல்லி வைத்திருக்கிறேன்.